அடிக்க மறுத்த சிப்பாய்கள்

ஒருவருக்குக் கறுப்புப் பட்டை கட்டிவிட வேண்டும், இலங்கைக்கு வர முடியுமா என்று ஓர் இராணுவ சார்ஜன்ட் போனில் கேட்டபோது, நண்பர்களில் யாரோ குரலை மாற்றிப் பேசி விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திருச்சியில் கராத்தே பள்ளி நடத்துகிறவனுக்கு அயல்நாட்டு முகாமிலிருந்து போன் வருவது தினமும் நடக்கிற காரியமா என்ன? "வைடா போனை" என்று வைத்துவிட்டேன். அவர் மறுபடியும் கூப்பிட்டார். மிகவும் பணிவாக, தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்தில், முதலிலிருந்து சொன்னார்.

விஷயம் இதுதான். சார்ஜன்ட் நிமலும் அவருடைய தோழர்களும் தலவாக்கலைப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார்கள். வாராவாரம் அங்கே போய் அவர்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பவர் யோகராஜ் என்ற தேயிலைத் தோட்டத்துத் தமிழர். இராணுவத்துக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. பிழைப்புக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிற மனிதர் இன்னும் பழுப்புப் பட்டைதான் கட்டுகிறார். அது கறுப்புக்கு ஒரு படி கீழே. கடைசிப் பரீட்சை வைப்பதற்கு முன்பே அவருடைய குரு கண்டியை விட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். எங்கள் பாணியில் அதற்குப் பிறகு அந்தத் தீவில் பரீட்சை வைக்க ஆளே இல்லை. மாணவர்கள் கூடிக் குருவுக்குப் பட்டை கட்டிவிட முடியாது. மேலே இருக்கிற ஒருவர்தான் சோதித்துப் பார்த்துக் கட்ட வேண்டும். அக்கம்பக்கத்து நாடுகளில் தேடியதில் நான் அகப்பட்டிருக்கிறேன்.

"மாஸ்டருக்குத் தெரியாது. நாங்கள் அவருக்கு மரியாதை செய்ய ஆசைப்படுகிறோம். நீங்கள் வந்து கட்டினால் மட்டும் போதும்" என்றார் சார்ஜன்ட். அந்தக் 'கட்டினால் மட்டும் போதும்' எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வெளியே திருச்சி வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மலை, குளிர், தேயிலை என்று நினைத்ததுமே உறுத்தல் அடங்கிவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் ரயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதாதது, அந்த ரயில் நினைத்த இடத்தில் நின்றுவிடும் என்பது. நாவலப்பிட்டியைத் தாண்டியதும் நின்றது. தண்டவாளத்தில் மரம் விழுந்திருக்கிறதாம். எங்கள் ஊரில் இப்படி நின்றால் கார்டுக்கும் அவர் குடும்பத்துக்கும் அர்ச்சனை நடக்கும். இங்கே ஒருவரும் கோபப்படவில்லை. பிள்ளைகள் இறங்கிப் பூப்பறித்தார்கள். அவித்த கடலை விற்கிறவர் மட்டும் உற்சாகமாக மேலும் கீழும் நடந்தார். மிளகாய்ப் பொடியும் தேங்காய்ச் சொட்டும் போட்ட கடலை. இரண்டாவது பொட்டலம் வாங்கும்போது, மரத்தை மெதுவாகவே வெட்டட்டும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

கடைசியில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அந்த டிரைவருக்கு மலைப்பாதை வளைவுகளோடு ஏதோ பழைய பகை இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நான் பக்கத்து இருக்கைப் பெண்மணியின் மரக்கறிப் பையின்மேல் சாய்ந்தேன். வெங்காயத்தாள் மாதிரி நீண்ட லீக்ஸ் தாள்கள் கன்னத்தில் குத்தின. அவர் கோபித்துக்கொள்ளாமல் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"இந்தியாங்களா? எந்தூரு?"

"திருச்சிங்க."

"அப்புடியா! எங்க தாத்தா தொறையூருப் பக்கம்னு சொல்லுவாங்க. அங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

துறையூரில் எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. ஆனாலும் மொத்த ஊரின் சார்பாக, "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். இறங்கும்போது என் கையில் இரண்டு கேரட்டைத் திணித்துவிட்டுப் போனார். அவர் பேசிய தமிழ் அச்சு அசல் என் அத்தை பேசுகிற தமிழ். என் பிள்ளைகளுக்குத்தான் அது வராது.

தலவாக்கலையில் எனக்கு இடம் போட்டிருந்தது ரஹீம் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். நானா என்றால் அங்கே அண்ணன். முஸ்லிம் கடைக்காரர்கள் எல்லோருமே நானாதான். ரஹீம் நானா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை என் வயிற்றில் வந்து கொஞ்ச நேரம் தங்கியது.

"நீங்கதான் கராத்தே பெரிய மாஸ்டரா? இரிங்க, இரிங்க. கொத்து ரொட்டி போடச் சொல்லுறன்" என்றார். நம் ஊர்க் கொத்துப் புரோட்டாவின் தம்பிதான் அது. ஆனால் கொத்துகிற சத்தம் அண்ணனுடையதைவிடப் பெரிது. கையிலிருந்த இரண்டு தகடுகளையும் கல்லில் அடித்து அடித்து ரொட்டி மாஸ்டர் ஒரு தனி ஆவர்த்தனமே நடத்தினார். தின்று முடித்தபோது, என்னுடைய வயிற்றைப் பற்றி நானா நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை சார்ஜன்ட் நிமல் வந்தார். ஆறடி உயரம், பால் வடியும் முகம். கையோடு கொண்டுவந்த பேனரை மேசையில் விரித்தார். கறுப்புப் பட்டை பெற்ற எங்கள் ஆசானுக்கு வாழ்த்துகள் என்று சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்திருந்தது. பட்டையும் தயார். அதில் தங்க நூலால் யோகராஜின் பெயர். கேக்குக்கும் சொல்லியாயிற்றாம்.

"எல்லாம் சரி. பரீட்சை எப்போது?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நானா மொழிபெயர்த்தார். அப்போதும் புரியவில்லை. இராணுவத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு என்று முடிவானால் நாள் குறித்து, வரிசையில் நிறுத்தி, தோளில் பட்டியைக் குத்திவிடுவார்கள். அதே முறையில் தங்கள் ஆசானுக்கும் பதவி உயர்வு கொடுத்துவிடலாம் என்று இந்த நல்ல மனிதர்கள் நினைத்துவிட்டார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். முதலில் அடிப்படை அசைவுகள். பிறகு கட்டா, அதாவது எதிரில் ஆள் இருப்பதாக வைத்துத் தனியாகச் செய்துகாட்டும் வரிசை. கடைசியாகச் சண்டை. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உண்மையாகவே அடிப்பார்கள். தடுக்கலாம், திருப்பி அடிக்கலாம், தூக்கிப் போடலாம். விழுந்து கிடக்கக் கூடாது, கோட்டைத் தாண்டி வெளியேறக் கூடாது.

"தோற்றுப்போவாரா?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"போகலாம். பரீட்சை என்றால் அப்படித்தான்."

அவர் பேனரைச் சுருட்ட ஆரம்பித்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. "எங்க சனத்துக்கு முன்னால அந்த மனுசன் தோத்தா எப்புடி சேர்?" என்று ரஹீம் நானாவும் தன் பங்குக்குக் கேட்டார்; நம் ஊர் சார் அங்கே சேர். விழாவை முகாமில் வைத்தால் தோட்டத்து மக்கள் உள்ளே வர முடியாது, அவருடைய சனம் பார்க்க வேண்டும் என்று சிப்பாய்களே அடம்பிடித்துத் தோட்டத்து விளையாட்டு மைதானத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். இப்போது அதுவே வினையாகிவிட்டது. ஆனால் சும்மா கட்டிவிட்டுப் போவதற்கு நான் எதற்கு? தையற்காரரே போதும்.

இனி அவரிடம் ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை. வட்டகொடைக்குப் போகும் வழியில் இருந்தது யோகராஜ் குடியிருந்த தோட்டம். நானாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனபோது அவர் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, நரம்பு தெரியும் உடம்பு. நான் யார், எதற்கு வந்தேன் என்பதைச் சார்ஜன்ட் சொல்லச் சொல்ல, குழாயை மூட மறந்து நின்றார். தண்ணீர் ரோட்டில் ஓடியது.

"நெசமாவே சோதிப்பீங்களா சேர்?" என்று என்னிடம் கேட்டார். "சும்மா கட்டிவிட்டுட்டுப் போறதுன்னா வேணாங்க. வேற ஸ்கூல்காரங்க எத்தனையோ பேர், எங்க பக்கம் வா, நாளைக்கே கறுப்பு தர்றோம்னு கூப்புட்டாங்க. நான் போகல. எனக்கு முறையா வேணும். இல்லாட்டி நான் இப்புடியே இருந்துட்டுப் போறேன்."

"நிஜமாகவே சோதிப்பேன்" என்றேன். அப்போதுதான் அவர் குழாயை மூடினார்.

அவர் மனைவி தனம் தேநீர் கொண்டுவந்தார். எனக்கும் நானாவுக்கும் கொடுத்தார். சார்ஜன்ட் வேனுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்கு வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை போலத்தான் இருந்தது. கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய பெண்கள் கூட்டம் ஒன்று என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. "இவருதான் பரீட்சை வைக்கப் போறாராம்" என்றாள் ஒருத்தி. "அப்புடியா? நான் கல்யாண வீட்டுக்கு வந்த சமையல் மாஸ்டருன்னுல்ல நெனைச்சேன்" என்றாள் இன்னொருத்தி. திருச்சியில் என் மாணவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

சார்ஜன்ட் போன பிறகு தனம் என்னிடம் நேராகவே பேசினார். "அவருக்கு முழங்கால் சரியில்லைங்க. வாரத்துல ஏழு நாளும் தைலம் தேய்க்கிறவ நான். நீங்க பாட்டுக்குப் பரீட்சைங்கிறீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஆமிக்காரங்கள நான் வீட்டுக்குள்ள கூப்புட்டதில்லைங்க. இவரு போறாரு, வாராரு, அது இவரு பாடு. சண்ட நடந்த காலத்துல கொழும்புல எங்க தம்பிய பஸ்ஸுலேருந்து எறக்கி, நாள் பூரா உக்கார வச்சிருந்தாங்க. திரும்பி வந்தவன் இன்னைக்கு வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. இந்தப் புள்ளைங்க அப்ப பொறந்திருக்கக்கூட மாட்டானுங்க, எனக்குத் தெரியுது. ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்குதுங்க."

அவர் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்தேன்.

அடுத்த நாள் முழுவதும் யோகராஜ் பயிற்சி செய்தார். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களம் அதற்குப் பிறகு காலியாகத்தான் கிடக்கும். அங்கே பனிமூட்டத்துக்குள் அவருடைய வெள்ளை உடுப்பு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். கைகள் கத்தி மாதிரி சுத்தம். இடது முழங்கால்தான் திரும்பும்போது அரை நொடி யோசித்தது. பரீட்சை வைக்கிறவன் பரீட்சைக்கு முன் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் பேசாமல் இருந்தேன். எழுந்தபோதுதான் என் கணுக்காலில் ஓர் அட்டை நிம்மதியாக விருந்துண்டுகொண்டிருந்தது தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் யோகராஜ் முதல் முறையாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் தோட்டத்து மக்கள், தப்பு மேளம். எதிர்ப் பக்கம் சிப்பாய்கள், எல்லோரும் கராத்தே உடுப்பில். நடுவில் நாற்காலி போட்டு, சீருடையில் ஒரு மேஜர். ஓரத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டித் தனமும் இன்னும் சில பெண்களும் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். "நம்ம சனத்துக்குத்தாங்க" என்று என்னைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டார் தனம். பேனரைக் காணோம். சார்ஜன்ட் அதைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

அடிப்படை அசைவுகளில் குறை ஒன்றும் இல்லை. கட்டாவில் முழங்கால் ஒரு தடவை யோசித்தது, ஆனால் வரிசை தப்பவில்லை. கூட்டம் கைதட்டியது. பிறகு சண்டை. முதல் சிப்பாய் வந்து குனிந்து வணங்கினான். ஓங்கினான். அவனுடைய முஷ்டி யோகராஜின் நெஞ்சில் போய் ஈ உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. யோகராஜ் சும்மா கையை வீசியதற்கே தடாலென்று விழுந்து படுத்துக்கொண்டான். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது ஆள், கை படுவதற்கு முன்பே விழுந்துவிட்டான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"நிறுத்துங்கள்!" என்றேன். "இது பரீட்சை இல்லை, கூத்து. இப்படியே போனால் நான் பட்டை கட்ட மாட்டேன்."

யோகராஜின் முகம் சிவந்துவிட்டது. அவர் சிங்களத்தில் கத்தினார். என் பக்கத்தில் நின்ற ரஹீம் நானா மொழிபெயர்த்தார். "அடிங்கடா, உங்களுக்குக் கையில்லையா, இதுக்கா இத்தன வருசம் பழக்கினேன்னு கேக்குறார்."

சிப்பாய்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். சார்ஜன்ட் நிமல் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "குருவைக் கும்பிடத்தான் எங்கள் வீடுகளில் பழக்கியிருக்கிறார்கள். குருமேல் கையை ஓங்கினால் பாவம். முடியவில்லை சேர்" என்றார். இத்தனை தூரம் வந்து, இந்த மனிதர் தோற்பது தம் மாணவர்களின் பக்தியாலா என்று எனக்கு எரிச்சலும் துக்கமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்தால் அவர் கேட்டது அவருக்குக் கிடைக்காது.

யோகராஜ் நடந்து வந்து சார்ஜன்டின் முன்னால் நின்றார். இப்போது கத்தவில்லை. "மல்லி" என்று கூப்பிட்டார். தம்பி என்று அர்த்தம். மீதியை நானா சொன்னார். "நீ இன்னைக்கு என்னைய அடிக்கல்லேன்னா, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒண்ணும் இல்லேன்னு இவங்க எல்லாருக்கும் முன்னால சொல்லுற மாதிரி. அதுதான் மரியாதையா?"

அந்த ஆறடி மனிதர் புல்லில் மண்டியிட்டு, யோகராஜின் பாதத்தில் நெற்றி படும்படிக் கும்பிட்டார். எழுந்தார். எழுந்த வேகத்திலேயே விட்டார் ஒரு குத்து.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யோகராஜின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தப்பு நின்றுவிட்டது. லயத்துப் பெரியவர்கள் சிலர் தம்மை அறியாமல் எழுந்து நின்றார்கள். ஒரு சிப்பாய் ஒரு தோட்டத்து மனிதனை அடிப்பதைப் பார்க்க அவர்கள் அங்கே வரவில்லை. தனம் கரண்டியோடு பாதி மைதானத்துக்கு ஓடி வந்துவிட்டார். யோகராஜ் இடது கையைப் பின்பக்கமாக நீட்டி, அங்கேயே நில் என்று காட்டினார். ரத்தம் வழியும் வாயால் சிரித்தார். "இப்பத்தான்டா!" என்றார், தமிழிலேயே.

அடுத்த குத்தைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்துத் திருப்பி, சார்ஜன்டைத் தூக்கிப் புல்லில் போட்டார். மைதானமே அலறியது. தப்பு திரும்பவும் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் தயங்கவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள், காலில் விழுந்தார்கள், எழுந்து அடித்தார்கள். நான் எத்தனையோ பரீட்சைகள் பார்த்திருக்கிறேன். கும்பிட்டுவிட்டு அடிக்கிற பரீட்சையை எங்கும் பார்த்ததில்லை. கடைசி ஆளின் உதையில் யோகராஜின் இடது முழங்கால் மடங்கிவிட்டது. ஒற்றைக் காலில் மண்டியிட்டார். விழுந்து கிடந்தால் முடிந்தது. தனம் வாயைப் பொத்திக்கொண்டார். யோகராஜ் கையை ஊன்றாமல், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து அவனையும் கோட்டுக்கு வெளியே தள்ளினார்.

நான் பட்டையைக் கட்டினேன். மேஜர் எழுந்து வந்தார். சீருடையில் இருப்பவர் வேனோட்டிக்கு சல்யூட் அடிக்க அவர்கள் சட்டத்தில் இடமில்லையாம். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறும் தலையோடு யோகராஜுக்கு முன்னால் நன்றாகக் குனிந்தார். யாரோ நாற்காலிக்கு அடியிலிருந்து பேனரை உருவி எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார்கள். ஒருவருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

சார்ஜன்ட் நிமல் மட்டும் கூட்டத்தில் சேராமல் தள்ளி நின்றார். தனம் அடுப்படியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இங்க வா" என்று கூப்பிட்டார். அவர் பயந்துகொண்டே வந்தார். நானாவும் நானும் பின்னால் போனோம்.

"எந்தக் கைப்பா அடிச்சது?"

நானா மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் பிரம்படி வாங்கப் போகிற பள்ளிப் பிள்ளை மாதிரி வலது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தனம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஒரு வடையை அரித்தெடுத்து, ஒரு தாளில் சுற்றி அந்தக் கையில் வைத்தார். "சூட்டோட சாப்புடு. ஆறுனா நல்லா இருக்காது" என்றார். சார்ஜன்ட் கண்ணைத் திறந்து வடையைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார். அதற்குள் தனம் அவருக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து, "நீ எந்தக் கை?" என்று கேட்டுவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அடித்தவர்கள் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.